ஒரே அடி இருமுறை விழுவதில்லை

போயா நாளில் புறக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். லொறி, கைவண்டி, மூட்டையோடு ஓடும் நாட்டாமிமார் என்று மற்ற நாட்களில் கால் வைக்க இடமில்லாத குறுக்குத் தெருக்களில் அன்றைக்குக் கடைக் கதவுகள் எல்லாம் இழுத்துச் சாத்தியிருக்கும். வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் சரிந்ததும் பொடியன்கள் வந்து சேர்வார்கள். வெறும் சோடாப் பெட்டி ஒன்றுதான் விக்கெட். பந்து, மேல் மயிர் உதிர்ந்து மொட்டையாகிப்போன டெனிஸ் பந்து. தெருவின் அகலமோ ஒரு லொறி போனால் சைக்கிள்காரன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவு.

இந்த ஆட்டத்தின் சட்டங்களைத்தான் கவனிக்க வேண்டும். மேல்மாடிக் கம்பிக்குள் பந்து போனால் அவுட். ஒரு குத்துக் குத்தி எழுந்ததை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். சுவரில் பட்டுத் தெறித்ததைப் பிடித்தாலும் அவுட். கானுக்குள் விழுந்தால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்துவிட்டால் துடுப்புப் பிடித்தவனுக்கு மிஞ்சுகிற வழி ஒன்றே ஒன்று: பந்தை நிலத்தோடு, நேராக, வீசியவனின் காலடியைத் தாண்டி அனுப்புவது. முழங்கையை உயர்த்து, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுவா, நேர்த் துடுப்பால் ஆடு என்று பெரிய பள்ளிக்கூடங்களின் வலைப் பயிற்சியில் மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுப்பதை இந்தத் தெரு வாய் திறக்காமலே கற்பித்துவிடுகிறது.

உடம்பு ஓர் அசைவை எப்படிக் கற்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் சொல்லப்பட்டு வந்தது. சரியான அசைவு என்று ஒன்று உண்டு. தெரிந்தவர் அதைக் காட்டுவார். பழகுபவர் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்து மூளையில் பதித்துக்கொள்வார். ஆட்டம் வரும்போது பதிந்ததை எடுத்து ஓட விடுவார். நமது பயிற்சியாளர்களில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் இதைத்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் ஓட்டை இருப்பதை முதன்முதலில் அளந்து காட்டிய மனிதர் விளையாட்டு வீரர்களைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. சுத்தியல் பிடித்த தொழிலாளிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் 1920களில் மொஸ்கோவில், உழைப்பை ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்ட நிறுவகம் ஒன்றில் வேலை செய்தார். தொழிலாளி எப்படி அசைந்தால் உற்பத்தி கூடும் என்று அறிவதுதான் அரசின் நோக்கம். உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் அனுபவசாலிகளின் மூட்டுகளில் சின்னஞ்சிறு மின்குமிழ்களைக் கட்டி, அவற்றின் ஒளித்தடத்தைப் படமெடுத்தார். பல வருடம் ஒரே வேலையைச் செய்தவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வோர் அடியிலும் ஒரே பாதையில்தான் போகும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். படங்கள் அப்படிச் சொல்லவில்லை. மூட்டுகளின் பாதை அடிக்கு அடி மாறியது. சுத்தியலின் முனை மட்டும் அவ்வளவு மாறாமல் போய் விழுந்தது. தோள் கொஞ்சம் முந்திவிட்டால் முழங்கை அதைச் சரிக்கட்டியது. முழங்கை பிந்தினால் மணிக்கட்டு ஈடுசெய்தது.

இதைப் பார்க்க மொஸ்கோவுக்குப் போகத் தேவையில்லை. செட்டியார் தெருவில் நகைப் பட்டறை ஒன்றின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பத்தர் குனிந்திருந்து சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டுகிறார். யாரோ விலை கேட்கிறார்கள். தலையை நிமிர்த்திப் பதில் சொல்கிறார், கை நிற்பதில்லை. கால் மரத்துப்போய் உட்காரும் விதத்தை மாற்றுகிறார், தோளின் உயரமே மாறிவிடுகிறது, தட்டு விழும் இடம் மாறவில்லை. அவர் பதித்து வைத்திருப்பது ஓர் அசைவை என்றால் உட்காரும் விதம் மாறிய அந்தக் கணத்திலேயே தகடு பழுதாகியிருக்க வேண்டும்.

பேர்ன்ஸ்டைன் வந்தடைந்த முடிவு இது: ஒரு தீர்வைத் திரும்பத் திரும்பச் செய்வதல்ல பயிற்சி, ஒரு சிக்கலை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்ப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வதே பயிற்சி. அப்படி இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு உடற்கூறும் காரணம் சொல்கிறது. தோள் மூன்று விதமாகத் திரும்பும், முழங்கை மடங்கி நிமிரும், முன்கை உருளும், மணிக்கட்டு இரண்டு திசையில் வளையும். விரல்களை விட்டுவிட்டாலும் ஒரு கைக்கு ஏழு சுதந்திரங்கள். ஒரு புள்ளியைத் தொடுவதற்கு இத்தனை தேவையில்லை. ஆகவே ஒரே புள்ளியைத் தொட எண்ணற்ற வழிகள் உண்டு. தவிரவும், மூளை ஒரே கட்டளையை இருமுறை அனுப்பினாலும் தசை அதை ஒரே மாதிரி நிறைவேற்றுவதில்லை. கட்டளை பெரிதாகப் பெரிதாக அதிலுள்ள இரைச்சலும் பெரிதாகிறது என்ற கருதுகோளைக் கொண்டு, கண்ணும் கையும் ஏன் இப்படி அசைகின்றன என்பதை ஹரிஸ், வோல்பர்ட் என்ற இருவர் 1998 இல் விளக்கினார்கள். முழுப் பலத்தோடு வீசும் வேகப்பந்துவீச்சாளர் அச்சொட்டாக ஒரே வீச்சை இருமுறை வீசுவது உடம்பால் முடியாத காரியம்.

புதிதாகத் துடுப்புப் பிடிக்கும் பிள்ளை கையையும் உடம்பையும் விறைத்துக்கொண்டு நிற்கிறதல்லவா? அது பயத்தால் மட்டும் வருவதில்லை. ஏழு சுதந்திரங்களையும் ஒரேயடியாக ஆளத் தெரியாததால் உடம்பு சிலவற்றைப் பூட்டி வைக்கிறது. பழகப் பழக ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. பிறகு அந்த மூட்டுகள் ஒன்றையொன்று சரிக்கட்டத் தொடங்குகின்றன. "லூசா நில்லு தம்பி" என்று முதல் நாளே அதட்டும் அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1986 இல் கார்ல் நியூவெல் என்ற ஆய்வாளர் இந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். அசைவை யாரும் மேலிருந்து வரைந்து கொடுப்பதில்லை; மூன்று விதமான கட்டுப்பாடுகளுக்கு நடுவில் அது தானாக உருவாகிறது என்றார். ஆடுபவரின் உடம்பு ஒன்று. ஆடும் இடம் இரண்டாவது. ஆட்டத்தின் நோக்கமும் சட்டமும் கருவியும் மூன்றாவது. போயா நாள் தெருவில் நாம் கண்டது இரண்டாவதையும் மூன்றாவதையும். முதலாவதற்கு உலகத்திலேயே சிறந்த உதாரணம் நம்முடைய ஆள்.

முத்தையா முரளிதரன் 1972 இல் கண்டியில் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் தொடங்கினார். பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் பதினான்கு வயதில் சுழலுக்கு மாறினார். கொழும்பில் அவர் ஆடிய கழகம் பொரளையில் பி. சரா ஓவல் மைதானத்தை வைத்திருக்கும் தமிழ் யூனியன். முதல் டெஸ்ட் 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. இடம் புறக்கோட்டையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றரில் உள்ள கெத்தாராம. கடைசி டெஸ்ட் 2010 ஜூலையில் காலியில். அங்கே அவர் வீசிய கடைசிப் பந்தில் விழுந்தது 800 ஆவது விக்கெட்.

அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. மணிக்கட்டு மற்றவர்களுடையதை விட மிக அதிகமாக வளையும். தோளும் அசாதாரணமாகச் சுழலும். பாடப்புத்தகத்து ஓஃப் ஸ்பின் ஆட்காட்டி விரலால் பந்தைத் திருகுவது. நேரான கைக்கும் சாதாரண மணிக்கட்டுக்கும் ஏற்ற தீர்வு அது. முரளியின் உடம்பு வேறு தீர்வைக் கண்டெடுத்தது. பந்தைச் சுழற்றும் வேலையில் பெரும்பகுதியை மணிக்கட்டு எடுத்துக்கொண்டது. விரலால் சுழற்றுபவர்களுக்குத் திரும்பாத தரையிலும் அவருக்குப் பந்து திரும்பியதற்கு இது ஒரு காரணம். சிறு வயதில் யாராவது பிடிவாதமான ஒரு பயிற்சியாளர் "சரியான" ஓஃப் ஸ்பின்னைப் போட வைத்திருந்தால் கண்டியில் ஒரு சுமாரான பந்துவீச்சாளர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்று அவருக்கு ஏழு தடவை நோ போல் கொடுத்ததும், ஒரு நாடே கொதித்ததும் தெரிந்த கதை. தெரியாத பகுதி அதற்குப் பிறகு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் நடந்த அளவீடு. வளைந்தே இருக்கும் ஒரு கை தோளிலிருந்து சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது மடங்கி நிமிர்வதாகத் தெரியும். தொலைக்காட்சிக் கமராவும் ஒற்றைக் கண்தான். பல கமராக்களை வைத்து முப்பரிமாணத்தில் அளந்தபோதே, கண்ணுக்குத் தெரிந்த நிமிர்வில் பெரும்பகுதி தோற்றம் என்பது தெரியவந்தது.

தூஸ்ராவின் கதை அப்படி எளிதாக முடியவில்லை. வழமைக்கு எதிர்த் திசையில் திரும்பும் அந்தப் பந்து 2004 இல் முறைப்பாட்டுக்கு உள்ளானது. அளந்து பார்த்ததில் முழங்கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்ந்தது. அன்றைக்குச் சுழற்பந்துக்கு அனுமதி 5 பாகை. விஞ்ஞானிகளின் துணையோடு திருத்தியபின் அது சுமார் 10 பாகைக்கு இறங்கியது. இதற்கிடையில் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்துபார்த்த சர்வதேச கிரிக்கெட் சபை, கிட்டத்தட்ட எல்லோருமே ஓரளவு முழங்கையை நிமிர்த்துகிறார்கள் என்று கண்டு, 2005 இலிருந்து எல்லோருக்கும் எல்லையை 15 பாகை ஆக்கியது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அதுவரை கை எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் இருந்தது என்று சொல்வதுதான் நியாயம்.

அந்த நாலு பாகையைக் குறைப்பது லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2014 ஓகஸ்டில் காலி டெஸ்ட்டில் முறைப்பாட்டுக்கு உள்ளானார். அப்போது ஒருநாள் போட்டிப் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் அவர். செப்டெம்பரில் தடை வந்தது. கையைத் திருத்தி 2015 பெப்ரவரியில் அனுமதி பெற்றார். திரும்பி வந்து பங்களாதேஷில் வீசியபோது பழைய ஆள் அங்கே இல்லை. சில ஆட்டங்களோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது. வயதும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கும். ஆனால் பேர்ன்ஸ்டைனின் சுத்தியல்காரரை நினைத்தால் இது விளங்கும். முழங்கையை மட்டும் தனியே எடுத்துத் திருத்த முடியாது. முழங்கை செய்துவந்த ஈடுகட்டல்களைத் தோளும் மணிக்கட்டும் புதிதாகப் பங்குபோட வேண்டும். அதற்கு ஆறு மாதம் போதாது.

உடம்பை விட்டு இடத்துக்கு வருவோம். லசித் மாலிங்க காலிக்குப் பக்கத்தில் ரத்கமவில் கடற்கரையிலும் தென்னந்தோப்பிலும் மென்பந்து ஆடி வளர்ந்தவர். கடினப்பந்தைக் கையில் எடுக்கும்போது வயது பதினேழை நெருங்கிவிட்டது. டெனிஸ் பந்தைக் குட்டையாகக் குத்தினால் அது எழும்பி மெதுவாக வந்து அடித்தவனுக்கு விருந்தாகும். பிழைக்க வேண்டுமானால் காலடியில் போட வேண்டும், வேகமாகப் போட வேண்டும். எடை குறைந்த அந்தப் பந்துக்கு வேகம் ஏற்றப் பக்கவாட்டில் சுழற்றி எறிவது தோதான வழி. மாலிங்கவின் கையும் அவருடைய யோக்கரும் இந்த இரண்டு கட்டாயங்களிலும் விளைந்தவை. அந்தக் கையைக் கண்டு பதறாமல் அப்படியே விட்ட பயிற்சியாளர் சம்பக்க ராமநாயக்கவுக்கு இலங்கை கடமைப்பட்டிருக்கிறது. மேலை நாட்டுப் பயிற்சிக் கூடம் ஒன்றில் அந்தக் கை முதல் வாரத்திலேயே "திருத்தப்பட்டிருக்கும்".

இதைச் சொல்லும்போது தெருவைக் கோயிலாக்கிவிடக் கூடாது. டெனிஸ் பந்து 58 கிராம் அளவில். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை தோளில் ஏறும்போது தெருவில் கற்றதில் பாதி உதவாது. பத்தடி அகலத் தெரு நேர் அடியைத் தரும், கட் அடியைத் தராது. பெண் பிள்ளைகள் அந்தத் தெருவில் துடுப்புப் பிடித்து நான் கண்டதில்லை. தெருவே பள்ளிக்கூடம் என்றால் அவர்களுக்கு அனுமதி இல்லாத பள்ளிக்கூடம் அது.

இதுவரை கையைப் பற்றியே பேசினோம். ஆனால் துடுப்பாளரின் திறமையில் பெரும்பகுதி கண்ணில்தான் தொடங்குகிறது. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டுத் துடுப்பைச் சேர அரைச் செக்கனுக்கும் குறைவாகவே எடுக்கும். கண்ணில் பட்ட மாற்றத்துக்கு ஏற்ப அடியைத் திருத்த மனிதருக்கு ஏறத்தாழ 0.2 செக்கன் வேண்டும். 1987 இல் பீட்டர் மக்லியோட் என்ற உளவியலாளர் விரிப்புக்குக் கீழே மரக்குச்சிகளை வைத்துப் பந்தை எதிர்பாராமல் திரும்ப வைத்தார். சர்வதேசத் துடுப்பாளர்களாலும் அந்த 0.2 செக்கனுக்குள் எதுவும் செய்ய முடியவில்லை. அனிச்சையில் அவர்கள் நம்மை விட வேகமானவர்கள் அல்லர். அவர்கள் செய்வது வேறு: பந்து புறப்படும் முன்பே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பந்துவீச்சுக் காணொளியைக் கை விடுவிக்கும் கணத்துக்கு முன்பே வெட்டி நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்கும் சோதனைகள் அவுஸ்திரேலியாவில் நிறைய நடந்திருக்கின்றன. தேர்ந்தவர்கள் கையையும் மணிக்கட்டையும் பார்த்தே ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கற்றுக்குட்டிகளுக்கு அந்தக் கையில் எதுவும் எழுதியிருப்பதாகத் தெரிவதில்லை. 2000 ஆம் ஆண்டில் லாண்ட் என்பவரும் அதே மக்லியோடும் துடுப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். பந்து கையை விட்டதும் கண் அதைத் துரத்தவில்லை. பந்து எங்கே குத்தும் என்று கணித்து முன்கூட்டியே அந்த இடத்துக்குத் தாவிக் காத்திருந்தது. திறமை கூடியவரின் கண் முந்தித் தாவியது. "பந்தைக் கடைசிவரை பார்" என்ற புத்திமதி அப்படியே கடைப்பிடிக்க முடியாத ஒன்று என்று தெரிகிறது.

2001 இல் மேற்கிந்தியத் துடுப்பாளர் பிரையன் லாரா இலங்கைக்கு வந்து மூன்று டெஸ்ட்டுகளில் 688 ஓட்டம் அடித்ததை வயதானவர்கள் இன்றும் வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளில் பேசிக்கொள்வார்கள். எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் 221, 130. முரளியின் கையைப் பந்து வெளிவரும் முன்பே படித்த ஒருவரின் ஆட்டம் அது. அத்தனையையும் மீறி மூன்று டெஸ்ட்டையும் இலங்கையே வென்றது. மற்றவர்களுக்கு அந்தக் கை பிடிபடவில்லை.

இங்கேதான் பந்துவீசும் இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. கொழும்பில் காசுள்ள பள்ளிகள் பல அதை வாங்கிவைத்திருக்கின்றன. இயந்திரத்துக்கு ஓடிவரும் கால் இல்லை, தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. அதன் முன் ஆடும்போது இளம் துடுப்பாளர்களின் காலடி நேரம் மனிதப் பந்துவீச்சாளர் முன் இருப்பதிலிருந்து மாறிவிடுகிறது என்று 2009 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படிக்க வேண்டிய கையையே எடுத்துவிட்டுக் கொடுக்கப்படும் படிப்பு அது. பந்து வீசத் தம்பிமார் நாலு பேர் கிடைத்தால் இயந்திரத்துக்கு உறைபோட்டு வைக்கலாம்.

அதைவிடவும் சுவையான விஷயம் பயிற்சியின் ஒழுங்கு. ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பேஸ்போல் வீரர்களை வைத்து 1994 இல் ஒரு சோதனை நடந்தது. வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு தடவையும் 45 பந்துகள். ஒரு பிரிவுக்கு 15 வேகப்பந்து, பிறகு 15 வளைபந்து, பிறகு 15 மெதுபந்து என்று வகை வகையாக. இன்னொரு பிரிவுக்கு அதே 45 பந்துகள், எது வரும் என்று தெரியாதபடி கலந்து. மூன்றாம் பிரிவுக்கு மேலதிகப் பயிற்சி எதுவுமில்லை. ஆட்டத்தில் வருவதுபோலக் கலந்து வீசி இறுதியில் சோதித்தார்கள். பயிற்சியில்லாதவர்கள் 6 வீதம் முன்னேறியிருந்தார்கள், வகைவகையாக அடித்தவர்கள் 25 வீதம், கலந்து அடித்தவர்கள் 57 வீதம்.

வகைவகையாகப் பழகும்போது மூன்றாம் பந்திலிருந்தே அடி நன்றாக விழத் தொடங்கும். பழகுபவருக்கும் மகிழ்ச்சி, சுவரோரம் நின்று பார்க்கும் அப்பாவுக்கும் மகிழ்ச்சி. ஆனால் உடம்பு அங்கே சிக்கலைத் தீர்க்கவில்லை, போன பந்தின் விடையைப் பார்த்து எழுதுகிறது. கலந்து வரும்போது ஒவ்வொரு பந்துக்கும் தீர்வை முதலிலிருந்து தேட வேண்டும். பிழைகள் கூடும், பார்க்க அசிங்கமாக இருக்கும், மறுநாள் கைவசம் இருப்பது அதுதான். பயிற்சியில் சிறப்பாகச் செய்தவர்கள் பின்னர் நடக்கும் சோதனையில் பின்தங்குவதை ஷே, மோர்கன் என்பவர்கள் 1979 இலேயே ஆய்வுகூடத்தில் கண்டிருந்தார்கள். அதற்கு முந்திய வருடம் எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த இன்னொரு சோதனை என்னை எப்போதும் சிரிக்க வைக்கும். ஒரு கூட்டம் மூன்று அடி தூரத்திலிருந்தே சிறு பயற்றம் பையை எறிந்து பழகியது. மற்றது இரண்டு அடியிலும் நாலு அடியிலும் பழகியது. சோதனை மூன்று அடியில். அந்தத் தூரத்திலிருந்து ஒரு தடவையும் எறியாத கூட்டம்தான் குறியை நெருங்கியது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைதானத்தில் நடந்த பிற ஆய்வுகளில் இந்த விளைவு ஆய்வுகூடத்தில் தெரிந்த அளவு பெரிதாக இல்லை. முற்றிலும் புதியவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஒரே மாதிரியான பயிற்சி தேவை. எல்லாவற்றையும் முதல் நாளே கலந்துவிட்டால் பிள்ளை மறுநாள் வராது.

சொல்லிக் கொடுப்பதன் அளவுக்கும் இதே கதை. 1992 இல் மாஸ்டர்ஸ் என்பவர் இரண்டு கூட்டத்துக்குக் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளப் பழக்கினார். ஒரு கூட்டத்துக்கு எழுத்தில் விரிவான அறிவுறுத்தல். மற்றதற்கு எந்த அறிவுறுத்தலும் இல்லை. பழகும்போது வாயால் எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காக. பிறகு பணத்தையும் பார்வையாளரையும் வைத்து நெருக்கடி கொடுத்தபோது தடுமாறியது புத்திமதி கேட்ட கூட்டம். முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று கேட்டுக் கற்றவர், பதற்றம் வந்ததும் அவற்றையே கண்காணிக்கத் தொடங்குகிறார். மூட்டுகள் தமக்குள் பேசித் தீர்க்கும் காரியத்தில் தலையிட்டால் அது குழம்பும்.

நீண்ட காலக் கற்றல் ஒரு புறம் இருக்க, நிமிடக் கணக்கில் நடக்கும் சரிக்கட்டல் வேறொன்று. 1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவலில், அதாவது இன்றைய பி. சரா மைதானத்தில், சதாசிவம் தலைமையிலான இலங்கை அணியோடு ஆடியது. ஆட்டத்தில் ஏதோ சரியில்லை என்று அவுஸ்திரேலியர்களுக்குப் பட்டது. அளந்து பார்த்தால் 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார். இரண்டு யார் என்பது 1.83 மீற்றர். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகப்பந்துக்கு அது 0.05 செக்கன் வித்தியாசம். நாடாவை எடுக்கும் முன்பே அந்த வித்தியாசத்தை உடம்புகள் உணர்ந்துவிட்டன.

எப்படி? அசையத் தொடங்கும்போதே, இந்த அசைவின் பலன் இப்படி இருக்கும் என்று மூளை முன்கணிக்கிறது. பலன் வேறாக வந்தால் அந்த வேறுபாட்டைக் கொண்டு அடுத்த கணிப்பைத் திருத்துகிறது. இந்தத் திருத்தத்தில் சிறுமூளைக்கு முக்கிய பங்கு. பார்வையை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து களிமண் உருண்டைகளை எறியச் சொன்னால் முதலில் குறி தவறும். சில பத்து எறிகளில் சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் இப்போது மறுபக்கம் தவறும். சிறுமூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளில் பலருக்கு இந்தத் திருத்தம் நடப்பதே இல்லை. 1996 இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: தோளுக்கு மேலால் எறிந்து சரிக்கட்டியவர்களில் பெரும்பாலோர் தோளுக்குக் கீழால் எறிந்தபோது அந்தத் திருத்தம் கூடவே வரவில்லை. ஒரு கைதான், ஒரு கண்ணாடிதான். கற்றது அந்த எறிமுறைக்கு மட்டும்.

எதிரணியும் சும்மா இருப்பதில்லை. 2008 இல் பீரங்கிப் படையிலிருந்து வந்த அஜந்த மென்டிஸ், பெருவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில் பந்தை வைத்து, கெரம் காயைச் சுண்டுவதைப்போல் சுண்டினார். சென்னைத் தெருக்களில் டெனிஸ் பந்தில் இதைச் சொடக்குப் பந்து என்பார்கள். ரவிச்சந்திரன் அஸ்வின் அங்கிருந்துதான் அதை எடுத்தார். கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியில் மென்டிஸ் இந்தியாவின் 6 விக்கெட்டுகளை 13 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். அடுத்து வந்த மூன்று டெஸ்ட்டுகளில் 26 விக்கெட். சுழற்பந்தைத் தின்று வளர்ந்த இந்தியத் துடுப்பாளர்களின் கண்ணுக்கு அந்தக் கை எதையும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் பார்த்தார்கள், காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மென்டிஸின் மொத்த டெஸ்ட் வாழ்க்கை 19 ஆட்டங்கள், 70 விக்கெட்டுகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த முதல் தொடரிலேயே எடுத்தவை.

2012 ஒக்டோபர் 7 இரவு கெத்தாராமவில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதி. அன்று மென்டிஸ் நாலு ஓவரில் 12 ஓட்டத்துக்கு 4 விக்கெட் எடுத்தார். அதே ஆடுகளத்தில் மாலிங்கவின் நாலு ஓவரில் 54 ஓட்டம், விக்கெட் இல்லை. எட்டு வருடமாக உலகம் பார்த்திருந்த கை அது. மார்லன் சாமுவேல்ஸ் அதற்கு எதிரில் நின்று, யோக்கர் நீளத்தில் ஓர் அங்குலம் தவறிய பந்துகளைக் கூட்டத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். மேற்கிந்தியர் 36 ஓட்டத்தால் வென்றார்கள்.